இரவல் பெயர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ‘ஸ்டாண்டர்ட்’ என்று யாராவது பேச்செடுத்தால் அது கம்பியைப் பற்றிய பேச்சு. பழைய இரும்பை உலையில் உருக்கி, பில்லட்டாக வார்த்து, உருட்டாலையில் கொடுத்துக் கட்டடக் கம்பியாக நீட்டும் ஆலைகள் அங்கே நிறைய. அந்தக் கம்பிக்குரிய இந்தியத் தர எண் ஐ.எஸ். 1786. கட்டோடு வரும் டெஸ்ட் சர்டிபிகேட்டில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டால் மேஸ்திரி, “ஸ்டாண்டர்ட் மால்தான்” என்று இறக்கச் சொல்லிவிடுவார். பள்ளிக்கூட வாசலில் இதே சொல்லுக்கு வகுப்பு என்று பொருள், “பையன் எட்டாம் ஸ்டாண்டர்ட்.” வயதானவர்களுக்குச் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் நினைவுக்கு வரும்.

மேற்கத்திய இசைக்காரர்களிடம் இந்தச் சொல்லுக்கு வேறொரு வேலை உண்டு. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடலாம், எத்தனை பேர் பாடினாலும் தேயாது என்ற நிலைக்கு வந்துவிட்ட பழைய பாட்டுக்கு ‘ஸ்டாண்டர்ட்’ என்று பெயர். பெரும்பாலும் 1920-களிலிருந்து 1950-கள் வரை அமெரிக்க நாடக மேடைக்கும் சினிமாவுக்கும் எழுதப்பட்ட காதல் பாட்டுகள் இவை. இன்னார் பாடியது என்று இவற்றை அறிமுகப்படுத்த மாட்டார்கள். இன்னாரும் பாடியிருக்கிறார் என்றுதான் சொல்வார்கள்.

சொல்லின் பூர்வீகம் போர்க்களம். 1138-இல் வட இங்கிலாந்தில் ஸ்காட்லாந்துப் படையை எதிர்த்து நின்றவர்கள், கப்பலின் பாய்மரம் ஒன்றை வண்டியில் நட்டு, அதில் புனிதர்களின் கொடிகளைக் கட்டினார்கள். அந்தக் கொடிமரத்தின் பெயரிலேயே அந்தப் போர் இன்றும் வழங்குகிறது: ஸ்டாண்டர்ட் போர். ‘உறுதியாக நில்’ என்ற பழைய ஜெர்மானியச் சொற்சேர்க்கையிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார்; ‘விரித்தல்’ என்ற லத்தீன் வேரைக் காட்டுவார் இன்னொரு சாரார். கொடி நிற்கும் இடத்தில் அரசனின் ஆணை செல்லும். எடைக்கும் முழக்கோலுக்கும் ஆணை தருபவனும் அரசன்தான். இந்த வழியில் கொடியின் பெயர் அளவைக்கு ஏறி, அளவையிலிருந்து தரத்துக்கும், தரத்திலிருந்து பாட்டுக்கும் நகர்ந்திருக்கிறது. கம்பிக்கும் காதல் பாட்டுக்கும் ஒரே சொல் பொதுவாக அமைந்தது இப்படித்தான்.

வயதான பாப் பாடகர்கள் ஒரு கட்டத்தில் இந்தப் பழைய பாட்டுகளிடம் போய்ச் சேர்வது ஏறக்குறைய ஒரு சம்பிரதாயம். பீட்டில்ஸ் கலைந்துகொண்டிருந்த 1970-இல் ரிங்கோ ஸ்டார் அப்படியொரு தொகுப்பு வெளியிட்டார். 1973-இல் ஹாரி நில்சன், 1978-இல் வில்லி நெல்சன், 1983-இல் லிண்டா ரான்ஸ்டட். 2002-இல் ஆரம்பித்த ராட் ஸ்டூவர்ட் ஐந்து தொகுதிகள் வரை விடவில்லை. சரக்கு தீர்ந்தவன் போகிற இடம் என்று விமர்சகர்கள் கிண்டல் செய்வது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஐம்பது பேர் பாடிய பாட்டை ஐம்பத்தோராவது ஆளாகப் பாடி நிற்பதற்கு, புதுப் பாட்டுப் பாடுவதைக் காட்டிலும் நெஞ்சழுத்தம் வேண்டும். புதுப் பாட்டில் ஒப்பிட ஆள் கிடையாது.

இந்த வரிசையில் ஒரு மதராஸ்காரரும் உண்டு. 1936 மே 2 அன்று மதராஸில் பிறந்தவர். 1985-இல் பழைய காதல் பாட்டுகளைத் தொகுத்து ஒரு ஆல்பம் பதிவு செய்தார். 2023-இல், 87 வயதில், காதல் பாட்டுகளாகவே பொறுக்கி ‘ஆல் அபவுட் லவ்’ என்று இன்னொன்று. உலகம் அவரை எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்று அறியும். ஆனால் பாட்டுகளுக்கு முன்பே அவர் இரவல் வாங்கிய பழைய சரக்கு ஒன்று இருக்கிறது. அவருடைய பெயர்.

பிறந்தபோது வைத்த பெயர் ஆர்னால்டு ஜார்ஜ் டார்சி. தகப்பனார் மெர்வின் டார்சி பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். பத்துப் பிள்ளைகளில் ஒருவர் இவர். பையனுக்குப் பத்து வயதாகும்போது குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குப் போய்விட்டது. அங்கே சாக்ஸபோன் கற்றுக்கொண்டு, பிறகு பாட்டுக்கு மாறி, அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸைப் போல மிமிக்ரி செய்ததால் ‘ஜெர்ரி’ ஒட்டிக்கொண்டது. ஜெர்ரி டார்சி என்ற பெயரில் 1959-இல் ஒரு இசைத்தட்டும் வந்தது. விற்கவில்லை. நடுவில் காசநோய் வந்து படுத்துவிட்டார். மீண்டு வந்தபோது அந்தப் பெயரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

1965-இல் பெயரை மாற்றியவர் கார்டன் மில்ஸ் என்ற மேலாளர். இருவரும் முன்பு லண்டனில் ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். இதில் நமக்கொரு சுவாரசியம்: மில்ஸும் 1935-இல் மதராஸில் பிறந்தவரே. மதராஸில் பிறந்த ஒருவர், மதராஸில் பிறந்த இன்னொருவருக்கு, லண்டனில் உட்கார்ந்து ஒரு ஜெர்மன்காரரின் பெயரை எடுத்து வைக்கிறார்.

மில்ஸ் பெயர் வைக்கும் முறை தனி. புதிதாக எதையும் கற்பனை செய்ய மாட்டார். இருப்பதில் ஒன்றை எடுப்பார். தாமஸ் வுட்வர்ட் என்ற வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி மகன் அவரிடம் வந்து டாம் ஜோன்ஸ் ஆனார். அது 18-ஆம் நூற்றாண்டு நாவல் ஒன்றின் தலைப்பு, 1963-இல் படமாக ஓடியது. ரேமண்ட் ஓ’சல்லிவன் என்ற அயர்லாந்துப் பையன் கில்பர்ட் ஓ’சல்லிவன் ஆனார்; கில்பர்ட், சல்லிவன் என்ற இரட்டையர் விக்டோரியா காலத்து இசை நாடகங்களுக்குப் பேர்போனவர்கள். ஆர்னால்டு டார்சிக்குக் கிடைத்தது ஒரு ஓபரா ஆசிரியரின் பெயர், முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரை அப்படியே. நாக்கு தடுக்கும், ஆனால் ஒருமுறை தடுக்கினால் பிறகு மறக்காது. அந்தக் கணக்கு பலித்தது.

அசல் எங்கல்பர்ட் 1854-இல் கொலோன் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஸீக்பூர்க்கில் பிறந்தவர். இளம் வயதில் இசையமைப்பாளர் வாக்னருக்கு உதவியாளராக இருந்து, ‘பார்ஸிஃபால்’ ஓபராவை 1882-இல் மேடையேற்றும் வேலைகளில் துணை நின்றவர். வாக்னரின் நிழலில் நின்ற பலர் அந்த நிழலிலேயே காணாமல் போனார்கள். இவரைக் காப்பாற்றியது குழந்தைகளுக்கான கதை. தங்கை அடெல்ஹைட் வெட்டெ தன் பிள்ளைகள் வீட்டில் நடிப்பதற்காகச் சில பாட்டுகள் எழுதி, மெட்டுப் போடச் சொல்லிக் கேட்டார். காட்டில் தொலைந்துபோன அண்ணன் தங்கை, தின்பண்டத்தால் ஆன வீடு, உள்ளே சூனியக்காரி: கிரிம் சகோதரர்கள் தொகுத்த அதே கதை. வீட்டு விளையாட்டாகத் தொடங்கியது முழு ஓபராவாக வளர்ந்து, ‘ஹென்ஸல் உண்ட் கிரேட்டல்’ என்ற பெயரில் 1893 டிசம்பர் 23 அன்று வைமாரில் அரங்கேறியது. இசைக்குழுவை நடத்தியவர், அப்போது 29 வயதான ரிச்சர்ட் ஸ்ட்ராஸ். கிறிஸ்துமஸ் வந்தால் ஜெர்மனியில் அது இன்றைக்கும் மேடையேறும். 1923-இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கிலிருந்து வானொலியில் ஒலிபரப்பானதும் அதுதான்; ஐரோப்பாவில் ஒரு முழு ஓபரா அப்படிக் காற்றில் போனது அதுவே முதல்முறை. ஆசிரியர் 1921-லேயே காலமாகியிருந்தார்.

‘எங்கல்பர்ட்’ அந்த வட்டாரத்துக்குப் பழக்கமான பெயர். கொலோன் பேராயராக இருந்து 1225-இல் கொல்லப்பட்ட எங்கல்பர்ட்டை அங்கே புனிதராக வணங்குகிறார்கள். பெயரில் இரண்டு துண்டு. பின்துண்டாகிய ‘பர்ட்’டை நமக்கு நன்றாகத் தெரியும்: ஆல்பர்ட், ராபர்ட், ஹெர்பர்ட், கில்பர்ட், நார்பர்ட். பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்துச் சர்ச் கல்யாணப் பத்திரிகைகளில் இவற்றில் ஒன்றிரண்டாவது தென்படும். ஒளிர்வது, பிரகாசம் என்பது அந்தத் துண்டின் பொருள். ஆக நம் ஆல்பர்ட்டெல்லாம் பிரகாசங்களே. தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘பிரகாசம்’ என்றும் பெயர் வைப்பார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ராபர்ட், தம்பி பிரகாசம் என்றிருந்தால் ஒரே விளக்கை இரண்டு தடவை ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முன்துண்டுதான் வம்பு. இன்றைய ஜெர்மனில் ‘எங்கல்’ என்றால் தேவதூதன். அதனால் ‘ஒளிரும் தேவதூதன்’ என்று பெயர்ப் புத்தகங்கள் அழகாக எழுதிவிடுகின்றன. ஆனால் பழைய ஜெர்மானியப் பெயர்களில் அந்த இடத்தில் இருந்தது ‘ஆங்கில்’ என்ற குலப்பெயர் என்பதே மொழி வரலாற்றுக்காரர்கள் தரும் விளக்கம். டென்மார்க் எல்லைப் பக்கம் ஆங்கல்ன் என்ற கடற்கரைப் பகுதி உண்டு. அங்கிருந்து புறப்பட்ட கூட்டத்தார் பிரிட்டனில் இறங்கி, தங்கள் பெயரை அந்த நாட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். இங்கிலாந்து, இங்கிலீஷ் எல்லாம் அந்த வேர். நம் பழைய எழுத்துகளில் வரும் ‘இங்கிரேசு’ போர்ச்சுக்கீசியர் வாய்வழியாக வந்தது. ‘ஆங்கிலம்’ பிற்காலத்தில் வடமொழிச் சாயலில் செய்துகொண்டது. இரண்டுக்கும் மூலம் ஒன்றே. தேவதூதன் என்ற பொருள் கிறிஸ்தவம் பரவிய பிறகு, ஓசை ஒத்துப்போனதால் ஏறி உட்கார்ந்தது.

இப்படி ஏறி உட்காரும் பொருள்களுக்கு நல்ல கதைகளும் கூடவே பிறந்துவிடும். ரோமாபுரிச் சந்தையில் விற்பனைக்கு நின்ற வெளுத்த நிறச் சிறுவர்களைப் பார்த்து, பின்னாளில் போப்பாகிய கிரிகோரி யாரிவர்கள் என்று கேட்டாராம். ஆங்கிலர் என்றார்களாம். இல்லை, இவர்கள் தேவதூதர்களைப் போலல்லவா இருக்கிறார்கள் என்று லத்தீனில் சிலேடை சொன்னாராம். 8-ஆம் நூற்றாண்டில் பீட் என்ற துறவி இதை எழுதி வைத்தார். திருவள்ளூர்க்காரர்களுக்கு இந்த வகைக் கதை புதிதில்லை. சாலிகோத்திர முனிவரின் குடிலுக்குக் கிழவராக வந்து உணவருந்திய பெருமாள், படுக்க ‘எவ்வுள்?’ என்று கேட்டதால் ஊருக்குத் திருவெவ்வுள் என்று பெயர் வந்ததாகத் தலபுராணம். ஆழ்வார்கள் பாடியதும் எவ்வுள்தான். நாளடைவில் எவ்வுளூர் வாயில் தேய்ந்து திருவள்ளூர் ஆயிற்று. பெயர் முதலில், கதை பிறகு என்று நான் நினைக்கிறேன். ஆனால் வீரராகவர் சந்நிதியில் நின்றுகொண்டு அதைச் சத்தமாகச் சொல்ல மாட்டேன்.

‘ஆங்கிலோ இந்தியர்’ என்ற சொல்லின் முன்பாதியும் அதே ஆங்கில்தான். 19-ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் இந்தியாவில் வேலை பார்க்கும் வெள்ளைக்காரரைக் குறித்தது. கலப்பு வம்சத்தாரை அரசாங்கம் அதிகாரபூர்வமாக அப்படி அழைக்கத் தொடங்கியது 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்துதான். ராணுவமும் ரயில்வேயும் நிறைந்த மதராஸில் பிறந்து, ஆங்கிலர் நாட்டுக்குப் போன ஒருவர் கடைசியில் ஆங்கிலர் பெயரையே, அதுவும் ஜெர்மன் உருவில், சூட்டிக்கொண்டார். கார்டன் மில்ஸ் இவ்வளவு யோசித்திருக்க வாய்ப்பே இல்லை.

‘ஹம்பர்டிங்க்’ என்பதில் ‘இங்க்’ என்ற வால், ஜெர்மனியும் நெதர்லாந்தும் தொட்டுக்கொள்ளும் பகுதிக்குரிய விகுதி. இன்னார் வழிவந்தோர், இன்னார் பண்ணைக்காரர் என்று பொருள் தரும். வாலை நீக்கினால் மிஞ்சுவது ‘ஹும்பர்ட்’ என்ற பழைய ஆட்பெயரின் உரு என்று கொள்வது எனக்கு இயல்பாகப் படுகிறது. அப்படியானால் அதிலும் ஒரு ‘பர்ட்’ ஒளிந்திருக்கிறது. ஒரே பெயரில் இரட்டைப் பிரகாசம். இதற்கு அக்கம்பக்கத்து மொழியான டச்சு எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் கல்லிலேயே இருக்கிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இப்போது மண்மேடு. ஆனால் வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும் அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பெயர்களும் எழுத்துகளும் இன்னும் தெளிவாக இருக்கின்றன. ஹம்பர்டிங்க் என்று எழுதச் சொன்னால் அந்தக் கல்தச்சர் எழுத்துக்கூட்டல் கேட்டிருக்க மாட்டார்.

விட்டுவந்த பெயரையும் பார்த்துவிடலாம். ‘டார்சி’க்கு அகராதிகள் இரண்டு வழி காட்டுகின்றன. ஒன்று பிரான்சின் ஓர்ஸே என்ற ஊர். மற்றொன்று அயர்லாந்துப் பெயர் ஒன்றின் ஆங்கில உரு. அதன் வேருக்கு இருட்டு, கருமை என்று பொருள். இரண்டாவது வழி சரியென்றால் அவர் இருட்டை வீட்டில் வைத்துவிட்டு வெளிச்சத்தை மாட்டிக்கொண்டு மேடையேறியிருக்கிறார். முதலாவதே சரியாகவும் இருக்கலாம். சொல்லாராய்ச்சியில் அழகான விடை தப்பாக இருப்பது அடிக்கடி நடக்கும்.

இரவல் பெயரும், சுருங்கிய பெயரும், முதலெழுத்துகள் சொல்லாகிவிட்ட பெயரும் கும்மிடிப்பூண்டி மின்தொடர் வண்டித் தடத்தில் ஏராளம். எண்ணூருக்கு முன்னால் விம்கோ நகர் என்று ஒரு நிறுத்தம். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டிக் கம்பெனியின் எழுத்துகள் அவை. தீக்குச்சியை மறந்துவிட்டோம், மெட்ரோ ரயிலும் விம்கோ நகருக்குத்தான் போகிறது. கடைசி நிறுத்தத்தில் ‘சிப்காட்’. 1971-இல் தொடங்கிய தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டு நிறுவனத்தின் ஆங்கில முதலெழுத்துகள் என்பது ஷிப்டுக்கு ஓடுகிறவர்களுக்குத் தேவையில்லாத தகவல். அது ஊர்ப்பெயர்போல ஆகி வேற்றுமை உருபும் ஏற்கிறது: சிப்காட்டில், சிப்காட்டுக்கு, சிப்காட்டைத் தாண்டி.

முதலெழுத்து என்றதும் பாடகர்கள் நினைவுக்கு வந்தாக வேண்டும். இந்த மாவட்டத்துக்கென்று ஒருவர் இருக்கிறார். பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கோனேட்டம்பேட்டையைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பம். 2020 செப்டம்பர் 26 அன்று அவரை நல்லடக்கம் செய்தது தாமரைப்பாக்கத்தில். இரண்டும் திருவள்ளூர் மாவட்டம். எஸ்.பி. பாலசுப்பிரமணியம் என்றால் ‘எஸ்’ அப்பா பெயராக இருக்கும் என்று தமிழர் மனம் தானாக முடிவுகட்டும். அப்பா பெயர் சாம்பமூர்த்தி என்பதால் கணக்கும் சரியாக வந்துவிடும். ஆனால் அவருமே எஸ்.பி. சாம்பமூர்த்தி. தங்கை எஸ்.பி. சைலஜா. இது அப்பாவின் எழுத்து இல்லை, தெலுங்குக்காரர்கள் பெயருக்கு முன்னால் வைக்கும் வீட்டுப்பெயர்: ஸ்ரீபதி பண்டிதாராத்யுல.

அதை அவிழ்த்தால் நாம் 12-ஆம் நூற்றாண்டுக்குப் போய்விடுகிறோம். ஆந்திர வீரசைவ மரபில் பண்டித மூவர் என்று போற்றப்படுபவர்கள் ஸ்ரீபதி பண்டிதர், மஞ்சன பண்டிதர், மல்லிகார்ஜுன பண்டிதாராத்யர். மல்லிகார்ஜுனரின் வாழ்க்கையைப் பால்குரிகி சோமநாதர் தெலுங்கில் பெருங்காவியமாகவே பாடினார். ‘ஆராத்யர்’ என்றால் வழிபாட்டுக்குரியவர். கடைசியில் உள்ள ‘உல’ தெலுங்கின் மரியாதைப் பன்மை வேற்றுமை உருவம். ‘ஆராத்யர்களுடைய’ என்று பொருள். ரைன் நதிக்கரை ‘இங்க்’ செய்யும் அதே வேலையைத்தான் ‘உல’ இங்கே செய்கிறது. கோதண்டத்தையும் கைலாசத்தையும் சேர்த்துப் பெயர் வைக்கும் நாட்டில், வீரசைவ வீட்டுப்பெயர் கொண்டவர் பெருமாள் பாட்டும் முருகன் பாட்டும் ஒரே குரலில் பாடியதில் ஆச்சரியமில்லை.

அடுத்த தலைமுறையில் பாருங்கள். மகன் சில இடங்களில் எஸ்.பி. சரண், சில இடங்களில் எஸ்.பி.பி. சரண். முதலாவது முழுத் தெலுங்கு முறை. இரண்டாவதில் வீட்டுப்பெயருக்கும் ஆளுக்கும் நடுவில் தமிழ் முறைப்படி அப்பாவின் எழுத்து நுழைந்திருக்கிறது. ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் என்று எல்லையோரம் முழுக்க இப்படித்தான். ஒரே வீட்டில் பாட்டிக்கு வீட்டுப்பெயர், பேரனுக்கு இன்ஷியல். ஆலை கேட்டில் பாரம் நிரப்பும்போது ‘லாஸ்ட் நேம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பீகார்க்காரர் சட்டென்று எழுதிவிடுவார். நம்மவர்தான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பார்.

கே.ஜே. யேசுதாஸில் ‘கே’ வீட்டுப்பெயர், ‘ஜே’ அப்பா ஜோசப். ஆனால் எனக்குப் பிடித்தது எல்.ஆர். ஈஸ்வரி. தமிழில் பாப் பாடகி என்று ஒருவரைச் சொல்வதென்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும். பிறந்த பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. அவர் பாட வந்தபோது எம்.எஸ். ராஜேஸ்வரி என்று ஒருவர் ஏற்கெனவே புகழோடு பாடிக்கொண்டிருந்தார். அதனால் ராஜேஸ்வரியை நடுவில் உடைத்தார்கள். லூர்துக்கு ‘எல்’, ராஜ்-க்கு ‘ஆர்’, மிச்சம் ஈஸ்வரி. அப்பாவும் இல்லை, வீடும் இல்லை. தன் பெயரின் உடைந்த துண்டுகளே தனக்கு முன்னெழுத்து. மில்ஸ் எடுத்த வழியைவிட இது நேர்த்தி. ஒருவர் பெயரோடு மோதாமலிருக்க இங்கே பெயரை வெட்டினார்கள். அங்கே வேண்டுமென்றே ஒருவர் பெயர்மேல் ஏறி நின்றார்கள்.

ஏறி நின்றவருக்கு இரண்டு ஆண்டு கழித்துத் திறப்பு கிடைத்தது. லண்டன் பல்லேடியம் அரங்கின் ஞாயிற்றுக்கிழமைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட வேண்டிய டிக்கி வாலண்டைன் உடல்நலமில்லாமல் விலக, அவர் இடத்தில் இவர் போய் நின்றார். பாடியது ‘ரிலீஸ் மீ’. அதுவும் புதுப் பாட்டில்லை. 1949-லேயே அமெரிக்க நாட்டுப்புறப் பாணிக்காரர்கள் இசைத்தட்டில் கொடுத்தது, 1954-இல் ரே பிரைஸும் கிட்டி வெல்ஸும் பாடியது, 1962-இல் எஸ்தர் பிலிப்ஸ் வேறு பாணியில் பாடியது. 1967-இல் எங்கல்பர்ட் பாடி ஆறு வாரம் முதலிடத்தில் வைத்திருந்தார். 56 வாரம் தொடர்ந்து பட்டியலில் இருந்தது. அதே ஆண்டு பீட்டில்ஸ் வெளியிட்ட ‘பென்னி லேன்’, ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ இரட்டைத் தட்டு இரண்டாவது இடத்தோடு நின்றது. பீட்டில்ஸிலிருந்து 1962-இல் கழற்றிவிடப்பட்ட டிரம்மர் பீட் பெஸ்ட் 1941-இல் பிறந்ததும் மதராஸில்தான். அந்த வாரம் பட்டியலைப் பார்த்து அவர் என்ன நினைத்தார் என்று கேட்க ஆசை.

ஆக, இன்னொருவருக்குப் பதிலாக நின்று, இன்னொருவர் பெயரில், முன்பே பலர் பாடிய பாட்டைப் பாடித்தான் அவர் பெயரெடுத்தார். 1985-இல் பழைய காதல் பாட்டுகளுக்குத் திரும்பினார் என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அவர் திரும்பவில்லை, தொடங்கிய இடமே அதுதான். அந்தப் பெயரும் ஒரு ஸ்டாண்டர்ட். முதலில் ஒருவர் வைமாரில் பாடினார், பிறகு இவர் லண்டனில் எடுத்துப் பாடினார். சிப்காட் உலையில் பழைய ஸ்கிராப்பைப் போட்டு எடுக்கும் கம்பியில் முந்தைய பாலமா பழைய கப்பலா என்று தெரியாது; இந்தப் பெயரில் மட்டும் முந்தைய உரு அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. 1973-இல் வில்லியம் கோல்ட்மன் எழுதிய ‘தி பிரின்சஸ் பிரைட்’ நாவலில் கோழை இளவரசன் ஒருவனுக்கு ஹம்பர்டிங்க் என்று பெயர். 1987-இல் படமாக வந்த பிறகு, அந்தப் பெயரைக் கேட்டால் ஓபராவோ பாட்டோ அல்லாமல் அந்த இளவரசனையே நினைக்கும் ஒரு கூட்டமும் உண்டாகிவிட்டது. மூன்றாவது பாடகர்.

பாட்டுக்கு உரிமை கேட்கச் சட்டம் இருக்கிறது. 2017 மார்ச்சில் எஸ்.பி.பி. தம் ஐம்பதாண்டு இசைப்பயணக் கச்சேரிகளுக்காக அமெரிக்காவில் இருந்தபோது, தம் பாட்டுகளை அனுமதியில்லாமல் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது, அதை எஸ்.பி.பி.யே வெளியில் சொன்னார். ஊர் இரண்டுபட்டது. மெட்டமைத்தவருடையதா, பாடியவருடையதா, பணம் போட்டவருடையதா என்று டீக்கடை வரைக்கும் வழக்காடினார்கள். பிறகு இருவரும் ஒரே மேடையில் நின்றதும் நடந்தது. நியாயம் இளையராஜா பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது என்பது என் கட்சி. திருவிழாவில் கும்மிடிப்பூண்டி மெல்லிசைக் குழு ‘இளைய நிலா’வைப் பாடும்போது இந்தக் கேள்வி யாருக்கும் எழுவதில்லை என்பதும் உண்மை. அந்த மேடையில் அது ஸ்டாண்டர்ட் ஆகிவிட்டது.

பெயருக்கும் உரிமை கேட்டவர்கள் உண்டு. ஓபரா ஆசிரியரின் குடும்பத்தார், தங்கள் முன்னோரின் பெயரைப் பாப் பாடகர் ஒருவர் ஜெர்மனியில் போட்டுக்கொள்வதை ஒப்புக்கொள்ளவில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தடையில்லாமல் ஓடிய பெயர் சொந்த நாட்டுக்குள் நுழையும்போது சுங்கச்சாவடியில் பாதி இறக்கி வைக்கப்பட்டது. ஹம்பர்டிங்க் என்பது ஒரு குடும்பத்தின் சொத்து. எங்கல்பர்ட் என்பது 1225-இல் செத்த பேராயர் தொடங்கி யாருக்கும் பொது. ஜெர்மானியர் விரும்பிக் கேட்கும் மென்மையான காதல் பாட்டுகளை 1980-களில் அவர் ஜெர்மன் மொழியிலேயே பாடிக் கொடுத்தார். அந்தத் தட்டுகளின் உறையில் ‘எங்கல்பர்ட்’ என்று மட்டும் போட்டிருந்தது. நன்றாக விற்றன.